செருமாத தலைவர்

எங்கள் ஊரில் யாராவது புளுகினால் "புளுகாதே" என்று சொல்வதில்லை. "செருமாதே" என்போம். காய்கறிக் கடையில் நேற்றைய கத்தரிக்காயை இன்று பறித்தது என்றால் செருமாதே. வேலைக்கு மட்டம் போட்டவன் காய்ச்சல் என்றால் செருமாதே. கல்யாணமான புதிதில் ஒரு பெண் புருஷனைப் பார்த்து "சும்மா செருமாதீங்க" என்று சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன். இந்தச் சொல்லை ஊருக்குத் தானம் செய்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான், ஆனால் நான் வெறும் பேனா. இன்னொருவர் பஸ் ஸ்டாண்டு அக்கா. இது அவர் கதை.

பஸ் ஸ்டாண்டின் நடுவில், பாதிக் கண்ணாடிக்குப் பச்சை வண்ணம் அடித்த ஒரு கூண்டு இருக்கிறது. அதற்குள் ஒரு மேசை, ஒரு மைக், எப்போதும் ஒரு பக்கம் மட்டுமே திரும்பும் மின்விசிறி, அக்கா. எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது கிளம்பப் போகிறது, யாருடைய குடை யாரிடம் இருக்கிறது என்பதெல்லாம் அந்தக் கூண்டிலிருந்துதான் ஊருக்குத் தெரியும். மைக்கில் அவர் குரல் குளிர்ந்த தண்ணீர். நேரில் வேறு. நேரில் பேசினால் தகரத்தில் கல் விழுந்த மாதிரி இருக்கும். வாரக்கணக்கில் அவரிடம் சண்டை போட்ட ஒரு பயணி, கடைசியில், "அந்த மைக்கில பேசுற அம்மாவைப் பாத்து மரியாதை கத்துக்க" என்று அவரிடமே சொல்லிவிட்டுப் போனார்.

நான் கேபிள் டிவி ஆபீசில் வேலை செய்கிறேன். பகல் முழுக்கப் படம் தெரியவில்லை என்ற வசவு, சாயங்காலமானால் கார்ட்டூன் வசனம். எங்கள் முதலாளிக்கு ஒருநாள் ஆசை வந்தது: நம்ம ஊருக்கென்று ஒரு கார்ட்டூன் தொடர் வேண்டும், குடும்பத்தோடு உட்கார்ந்து சிரிக்க வேண்டும். அப்படிப் பிறந்ததுதான் 'தலைவர் வீடு'. ஒரு நகரசபைத் தலைவர், அவர் மனைவி, மாமியார், மகள். ஊருக்கெல்லாம் தண்ணீர் தருவேன் என்று மேடையில் முழங்குவார், சொந்த வீட்டுக் குழாயில் காற்றுதான் வரும். ஞாயிறுதோறும் ஒரு கதை. ஊரே டிவி முன்னால் உட்கார்ந்துவிடும்.

எல்லாக் குரலும் அக்கா. மனைவி, மாமியார், மகள் மட்டும் அல்ல, தொப்பையும் மீசையுமாக வரும் அந்தத் தலைவரும் அவர்தான். தொண்டையைக் கொஞ்சம் இறக்கினால் அசல் ஆம்பிளைக் குரல் வரும். முடிவில் 'குரல்: பஸ் ஸ்டாண்டு அக்கா மற்றும் குழுவினர்' என்று போடுவோம். அந்தக் குழுவினரும் அக்காதான். தலைவருக்கு வெளியூரிலிருந்து யாரோ ஒருவர் வந்து பேசுவதாக ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. நாங்களும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டோம். பஸ் ஸ்டாண்டு நகரசபைக்குச் சொந்தம். கூண்டில் உட்காருபவர் நிஜத் தலைவரின் கீழ் சம்பளம் வாங்குபவர். கார்ட்டூன் தலைவர் தன்னைத்தான் கிண்டல் செய்கிறார் என்று நிஜத் தலைவர் முதல் வாரமே பல்லைக் கடித்தவர். பெண் குரல்களை அவர் கண்டுகொள்ளவில்லை, அந்தத் தலைவர் குரல்மேல்தான் கோபம். விஷயம் தெரிந்தால் அக்காவின் வேலைக்கு உலை.

முதல் பதிவின்போது ஒரு சிக்கல் வந்தது. தலைவர் பொய் சொல்கிறார் என்று பார்ப்பவர்களுக்குத் தெரியவேண்டும், ஆனால் வீட்டாருக்குத் தெரியக்கூடாது. நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். பதிவறை என்பது ஆபீசுக்குப் பின்னாலிருக்கும் சாமான் அறை. எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் பழைய மெத்தைகளைக் கட்டித் தொங்கவிட்டிருப்போம், மின்விசிறியும் போட முடியாது. அந்த வேக்காட்டில் அக்கா ஒரு நிமிடம் யோசித்தார். கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று, இல்லாத சட்டைப் பையைத் தடவியது. "ஹ்ம்க்கும்... ஹ்ம்க்கும்" என்று இரண்டு முறை செருமினார். "நாளைக்கே தண்ணி வந்துடும்!" என்றார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எங்கள் தொடரில் குரலை முதலில் பதிவு செய்வோம், பிறகுதான் அதற்கேற்பப் படம் வரைவோம். அதனால் படம் வரைபவரும் அக்காவின் கையைப் பார்த்து அந்தப் பையையும் அப்படியே வரைந்துவிட்டார்.

"எங்கேர்ந்துக்கா புடிச்சீங்க இதை?" என்று கேட்டேன்.

"தெரியல தம்பி. தானா வந்துச்சு."

தானாக ஒன்றும் வருவதில்லை என்று இரண்டு வருடம் கழித்து எங்களுக்குத் தெரிந்தது.

அந்த வருடம் நகரசபைத் தேர்தல். பழைய தலைவரை எதிர்த்து அக்காவின் அண்ணன் நின்றார். டைல்ஸ் கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர், கொஞ்சம் வாய்ச்சவடால். 'தலைவர் வீடு' என்றால் அவருக்கு உயிர். அந்தத் தொப்பைத் தலைவரைப் பார்த்துத் தொடையில் தட்டித் தட்டிச் சிரிப்பார். "அச்சு அசல் அந்த ஆளேதான்!" என்று பழைய தலைவரைச் சொல்வார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தேர்தலுக்கு அதையே கொள்கையாக எடுத்துக்கொண்டார். ஊர்ச் சுவரெல்லாம் அவர் சிரிக்கும் முகம், கீழே கொட்டை எழுத்தில்: 'உங்களுக்குத் தேவை செருமாத தலைவர்!'

ஒரு காலை அவர் அக்காவின் வீட்டுக்கு வந்திருக்கிறார். ஓட்டுக் கேட்க அல்ல, பஸ் ஸ்டாண்டுக்காரர்களிடம் சொல்லச் சொல்லி. அக்கா டீ போட்டுக்கொண்டு வந்தார். அண்ணன் சட்டைப் பையைத் தடவினார். "ஹ்ம்க்கும்... ஹ்ம்க்கும். ஜெயிச்ச மறுநாளே உன் கூண்டுக்கு ஏசி போட்டுத் தரேன், பாப்பா."

அக்கா கையிலிருந்த டீ தரையில் சிந்திவிட்டது. அன்று சாயங்காலம் பதிவறைக்கு வந்து மெத்தையில் சாய்ந்து நின்றுகொண்டு சொன்னார்:

"தம்பி, அது எங்க அண்ணன். சின்ன வயசுலேர்ந்து காதுல விழுந்துட்டே இருந்த சத்தம். அதான் தெரியாமலே வந்திருக்கு. அவருக்கே தெரியாது. அடுத்த வாரம் சனிக்கிழமை ரெண்டு பேரையும் பள்ளிக்கூட மைதானத்துல மேடை ஏத்தி ஜனங்க கேள்வி கேக்கப் போறாங்க. அண்ணன் அங்க நின்னு செருமினா என்ன ஆகும்?"

என்ன ஆகும் என்று எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. செருமாத தலைவர் என்று ஊரெல்லாம் ஒட்டிவிட்டு மேடையில் செருமினால், மனுஷன் தேர்தலில் மட்டுமா தோற்பார்? இந்த ஊரில் இனி ஒரு டைல்ஸ்கூட விற்க முடியாது. குழந்தைகள் அவரைப் பார்க்கும்போதெல்லாம் தொண்டையைச் செருமும்.

"இந்த வாரக் கதையில செருமலை எடுத்துடலாமா?" என்றார்.

"படம் வரைஞ்சு முடிச்சாச்சுக்கா. எடுத்தாலும் ஊர் காதுல இருக்கறதை எப்படி எடுப்பீங்க?" என்று எரிந்து விழுந்தேன். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

அக்கா மெத்தையில் பிதுங்கிய பஞ்சைப் பிய்த்தார். பிறகு சொன்னது வேறு விஷயம். அவர் அப்பா ஆஸ்பத்திரியில் இறந்தபோது அக்கா கூண்டில் இருந்தார். தகவல் கிடைத்து ஓடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வார்டு வாசலில் நின்றிருந்த அண்ணன்தான் தோளைப் பிடித்துச் சொன்னார்: அப்பா கடைசியா உன்னைத்தான் கேட்டாரு, பாப்பா.

"அந்த ஒரு வார்த்தையைப் புடிச்சுக்கிட்டுதான் நான் எழுந்து வந்தேன், தம்பி. மனசு சரியில்லன்னா இன்னைக்கும் அதைத்தான் நெனைச்சுக்குவேன். இப்ப யோசிச்சுப் பாக்கறேன். அதைச் சொல்றதுக்கு முன்னாடி அண்ணன் செருமினாரா?"

"செருமினாரா?"

"அதான் தம்பி, ஞாபகம் வரமாட்டேங்குது."

அண்ணனிடம் சொல்லி எச்சரிப்பது என்று முடிவாயிற்று. "எழுதினது நீதானே, நீயும் வா" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கூட்டத்துக்கு முந்தின நாள். டைல்ஸ் கடைக்குப் பின்னால்தான் வீடு. கூடத்தில் போஸ்டர் கட்டுகள், பசை வாளி, நாற்காலியில் அண்ணன். தரையில் விதவிதமான டைல்ஸ், மாதிரிக்கு வந்ததையெல்லாம் ஒட்டிவைத்திருந்தார். ஒன்றோடு ஒன்று சேராது.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. "அண்ணா, நாளைக்கு மேடையில நீ செருமாம இருக்கணும்."

"அதைத்தானே ஊரெல்லாம் ஒட்டிவெச்சிருக்கேன்!" என்று சிரித்தார்.

"வெளையாடல. நெஜமாவே நீ செருமுவே."

"நானா?" கை பைக்குப் போயிற்று. "ஹ்ம்க்கும்... ஹ்ம்க்கும். எனக்கு அப்படி ஒரு பழக்கமே கிடையாது."

சமையலறை வாசலில் டீத் தட்டோடு நின்ற அண்ணிதான் வாயைத் திறந்தார். "சொல்லலாமா வேணாமான்னு ரெண்டு வருஷமா நாக்கைக் கடிச்சிட்டு இருக்கேன். டிவியில அந்த ஆளு செருமறப்பல்லாம் நான் உங்களைத்தாங்க பாப்பேன். நீங்க சிரிச்சுட்டு இருப்பீங்க."

அண்ணன் தன் கையைப் பார்த்தார். அது இன்னும் பையின் மேலேயே இருந்தது. சூடு பட்டதுபோல் எடுத்தார்.

"அந்தக் குரல் யாரு?"

"நான்தாண்ணா."

"நீயா? கூட இருந்தே குழி பறிச்சிருக்கியே, பாப்பா! என்னை வெச்சு ஊரையே சிரிக்க வெச்சிருக்கே!"

"சத்தியமாத் தெரியாதுண்ணா. தானா வந்துடுச்சு."

"நான் எப்பல்லாம் செருமறேன்?" இப்போது குரல் இறங்கிவிட்டது.

"பொய் சொல்றப்ப." அக்கா ஓர் அடி கிட்டே போனார். "அண்ணா, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல..."

அண்ணன் அவரை முடிக்க விடவில்லை. நாற்காலி பின்னால் சாய எழுந்தார். "போதும். வெளிய போ. நாளைக்கு நான் உயிரைக் கையில புடிச்சிட்டு மேடை ஏறணும். இனிமே என் வாசப்படி ஏறாதே!"

தெருவில் வரும்போது அக்கா அழவில்லை. சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். சண்டைக்குப் போகும்போது அப்படிச் செய்வார்.

நகரசபைக் கூட்டம் எதுவானாலும் அறிவிப்புக்கு அக்காவைத்தான் உட்கார வைப்பார்கள். மேடைக்குக் கீழே ஒரு சின்ன மேசை, அதில் கூண்டிலிருந்து கொண்டுவந்த அதே மைக். அதன் பொத்தானை அமுக்கினால் மற்ற மைக்குகள் தானே அடங்கிவிடும். கூட்ட நெரிசலில் அவசர அறிவிப்புக்காகச் செய்த ஏற்பாடு. பக்கத்தில் ஒலிபெருக்கிப் பெட்டியோடு நான். மைதானம் நிரம்பிவிட்டது. மேடையில் இரண்டு நாற்காலி, இரண்டு பேர். அண்ணன் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். பாவமாக இருந்தது.

முதல் கேள்வி கேட்டவர் பால்காரர். "குப்பை வண்டி தினமும் வருமா?"

அண்ணன் எழுந்தார். எழுந்தால் கை வெளியே வந்துதானே ஆகவேண்டும். வந்தது, பையை நோக்கி மேலே ஏறியது. அக்காவின் விரல் பொத்தானை அமுக்கியது.

"பொதுமக்களின் கவனத்திற்கு. ஒரு சாவிக்கொத்து கண்டெடுக்கப்பட்டுள்ளது. உரியவர்கள் மேடை அருகே வந்து பெற்றுக்கொள்ளவும்."

அந்தக் குளிர்ந்த குரலுக்கு அடியில் அண்ணனின் செருமல் அமுங்கிப்போனது. பிறகு, "தினமும் வரும்!" என்ற வார்த்தை மட்டும் மைதானத்துக்குக் கேட்டது. கைதட்டல். அக்கா செய்த காரியம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. நேற்றுதான் வாசற்படி ஏறாதே என்று துரத்தியவருக்காக, என்னிடம்கூடச் சொல்லாமல்!

அடுத்த கேள்வி தெருவிளக்கு பற்றி. கை ஏறியது. "வாசலை மறித்து நிறுத்தியிருக்கும் வெள்ளை நிற ஸ்கூட்டரை உடனே அகற்றவும்." அதற்கடுத்தது சாக்கடை. "சிவப்புச் சட்டை அணிந்த ஒரு குழந்தை தாயைத் தேடுகிறது." இது கொஞ்சம் அதிகம்தான், தாய்மார்கள் பாதிப்பேர் பதறி எழுந்துவிட்டார்கள். இதற்கு நடுவில் நிஜமாகவே சாவியைத் தொலைத்த ஒருவர் மேசைக்கு வந்து நின்றுகொண்டு நகரமாட்டேன் என்றார். அக்கா தன் வீட்டுச் சாவியை எடுத்துக்காட்டி, "இதுவா?" என்றார். "இல்லையே." "அப்போ போங்க."

அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. சாக்கடைக்குப் பிறகு முதல் முறையாகக் கீழே தங்கையைப் பார்த்தார். அக்கா நிமிரவில்லை. விரல் பொத்தானிலேயே இருந்தது, நெற்றியில் வியர்வை வழிந்தது. இன்னும் ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

பழைய தலைவர் கையைத் தூக்கினார். "கடைசிக் கேள்வியை நானே கேக்கறேன். நேத்து இவர் வீட்டுல போட்ட சத்தம் தெரு வரைக்கும் கேட்டுச்சாம். அந்தக் கார்ட்டூன்ல என்னைக் கேவலப்படுத்தற குரல் யாருதுன்னு இவருக்குத் தெரியும்னு கேள்விப்பட்டேன். என்கிட்டயே சம்பளம் வாங்கிட்டு என்னையே கிண்டல் பண்ற ஆளாம். யாருன்னு இந்த ஜனங்க முன்னாடி சொல்லட்டும்."

மைதானம் முழுக்க அண்ணன் பக்கம் திரும்பியது.

நேற்றுதான் அண்ணன் அந்தப் பெயரைத் தெரிந்துகொண்டார். சொன்னால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அவர் கோபமும் ஆறும். தங்கையின் வேலைதான் போகும். அண்ணன் எழுந்தார். கீழே பார்த்தார். அவர் கை மேலே ஏறியது, பையைத் தொட்டது.

"அக்கா, அமுக்குங்க," என்றேன்.

அக்கா அமுக்கவில்லை. அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். தனக்காகத்தான் பொய் சொல்லப் போகிறார் என்பதைக் கண்டு கை மரத்துவிட்டது என்று பிறகு சொன்னார்.

"ஹ்ம்க்கும்... ஹ்ம்க்கும்." எட்டு ஒலிபெருக்கியிலும் கேட்டது. "எனக்குத் தெரியாதுங்க."

எங்கோ ஒரு குழந்தை கிறீச்சென்று கத்தியது: "செருமிட்டாரு!" மைதானம் வெடித்தது. நாற்காலிகள் விழுந்தன. ஆட்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். பழைய தலைவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மேடை நடுவில் அண்ணன் மட்டும் சுவரோடு ஒட்டிய போஸ்டர்போல நின்றார். எனக்கு அந்தக் கூட்டத்தின் மேலேயே ஆத்திரம் வந்தது, அந்தச் சிரிப்பை இரண்டு வருடமாகப் பழக்கிவிட்டவனே நான்தான் என்றாலும்.

அப்போது பொத்தான் அமுங்கியது.

"பொதுமக்களின் கவனத்திற்கு," என்றது பஸ் ஸ்டாண்டுக் குரல். பழக்கதோஷம், கூட்டம் அடங்கியது. அக்கா எழுந்து நின்றார். அடுத்து வந்தது தொப்பைத் தலைவரின் குரல்.

"ஹ்ம்க்கும்... ஹ்ம்க்கும். அந்தக் குரல் நான்தாங்க."

இத்தனை காலம் அந்தக் குரலுக்கு ஒரு மீசையைக் கற்பனை செய்திருந்த சனம் வாயைப் பிளந்தது. அக்கா தன் சொந்தத் தகரக் குரலுக்கு இறங்கினார். "தலைவரைக் கிண்டல் பண்ணல. அந்தச் செருமல் எங்க அண்ணனோடது. கூடப் பொறந்ததால என் தொண்டையிலயும் ஒட்டிக்கிச்சு. அவரு வாய்க்கு வந்ததைச் சொல்லுவாரு, இல்லேன்னு சொல்லல. ஆனா இப்ப சொன்ன பொய் எனக்காகச் சொன்னது. என் வேலை போயிடக்கூடாதுன்னு தன் பேரைத் தொலைச்சுட்டு நிக்கறாரு. சிரிக்கறவங்க சிரிங்க."

சிரிப்பு வரவில்லை. கைதட்டலும் வரவில்லை. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

முடிவைக் கேட்பவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். அண்ணன் தோற்றார், ஆனால் யாரும் நினைத்த அளவுக்கு மோசமாக இல்லை. அக்கா இன்னும் கூண்டில்தான் இருக்கிறார். கார்ட்டூன் தன்னைப் பற்றியதில்லை என்று ஊரறிய ஆனபிறகு பழைய தலைவருக்குக் கோபிக்கக் காரணம் இல்லாமல் போயிற்று. சொல்லப்போனால் ஏதோ பறிபோனதுபோல் கொஞ்சநாள் வாடிக்கிடந்தார்.

அன்று மைதானம் காலியானபிறகு நான் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். வெயில் தாழ்ந்திருந்தது. அண்ணன் மேடைப் படியில் வந்து உட்கார்ந்தார். அக்கா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சாவி கெடைச்சுதாமா அந்தாளுக்கு?" என்றார் அண்ணன்.

"அவன் சட்டையிலயே இருந்துதாம்."

இருவரும் லேசாகச் சிரித்தார்கள். பிறகு அக்கா கேட்டார். என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். காதைப் பொத்திக்கொள்ள முடியாததால் வயரைச் சுருட்டிக்கொண்டே இருந்தேன்.

"அண்ணா. அப்பா கடைசியா என்னைக் கேட்டாரா?"

அண்ணனின் கை எழுந்தது. பாதி வழியில் நின்றது. இன்னொரு கையால் அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இல்ல பாப்பா," என்றார், செருமாமல். "யாரையும் கேக்கல. ரெண்டு நாளா பேச்சே வரல அவருக்கு. நீ மூச்சிரைக்க ஓடி வந்து நின்னே. உன் மூஞ்சியைப் பாத்து எனக்கு வேற ஒண்ணும் சொல்லத் தோணல."

அக்கா அழுதார். நேற்று அழாததையும் சேர்த்து அழுதார். அண்ணனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, தங்கையின் முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கேக்காமலே இருந்திருக்கலாம் நீ. அப்படியே நம்பிட்டு இருந்திருக்கலாம்."

அக்கா தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"இத்தனை வருஷம் நம்பினேனேண்ணா," என்றார். "அன்னைக்கு நீ அப்படிச் சொல்லலேன்னா நான் அந்த ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியே வந்திருக்க மாட்டேன்."